கையால் செய்த புளூகிராஸ் பாஞ்சோ: விலைக்குள் இருப்பது என்ன?

கேட்கப்பட்ட கேள்வி இது: மூன்று ஆண்டுகளாக விலை குறைந்த ஒரு பாஞ்சோவில் மூன்று விரல் வாசிப்பைப் பயின்று வரும் ஒருவர், சிறு பட்டறை ஒன்றில் கையால் செய்த ஐயாயிரம் டாலர் பாஞ்சோ ஒன்றை வாங்க எண்ணுகிறார். அந்த விலைக்குள் உண்மையில் என்ன இருக்கிறது, வாங்கினால் வாசிப்பு மேம்படுமா, அதைப் பராமரிக்கத் தம்மால் ஆகுமா என்று அறிய விரும்புகிறார்.

மூன்றாவதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மற்ற இரண்டும் அதைச் சார்ந்தே நிற்கின்றன. பாஞ்சோ என்பது மரமும் உலோகமும் சவ்வும் திருகாணிகளால் கட்டப்பட்ட ஒரு பொறி. பட்டறையில் பிறக்கும் ஒலி பாதி, வீட்டில் ஸ்பானரோடு உட்கார்ந்து நீங்கள் உண்டாக்கும் ஒலி மீதிப் பாதி. அந்த இரண்டாவது பாதியைக் கற்றுக்கொள்ள மனமில்லாதவருக்கு ஐயாயிரம் டாலர் பாஞ்சோ ஓராண்டுக்குள் ஆயிரம் டாலர் பாஞ்சோவாகிவிடும். மனமுள்ளவருக்கோ அதன் விலை நியாயமானது என்பதே என் கருத்து.

பேசப்படும் கருவி எது என்பதையும் தெளிவாக்கிவிட வேண்டும். தட்டச்சுப் பொறிபோலப் பொத்தான்களை அழுத்தி வாசிக்கும் புல்புல்தாராவை இந்தியாவின் பல பகுதிகளில் பாஞ்சோ என்றே அழைக்கிறார்கள். அது ஜப்பானின் தைஷோகோட்டோ என்ற கருவியின் வழிவந்தது, இந்தக் கருவியோடு அதற்கு உறவில்லை. பழைய ஜாஸ் இசைக்குழுக்களில் இருந்த நான்கு தந்தி டெனர் பாஞ்சோவும் இங்கே பேச்சில்லை. புளூகிராஸ் என்பது அமெரிக்க நாட்டுப்புற இசையில் ஒரு வகை; அதற்குரிய பாஞ்சோ என்றால் ஐந்து தந்திகள், 11 அங்குல விட்டமுள்ள சவ்வு, அதைச் சுற்றிப் பெரும்பாலும் 24 கொக்கிகள், பின்புறம் ஒலியைக் கேட்பவர் பக்கம் திருப்பி அனுப்பும் ரெசனேட்டர் எனப்படும் மரக் கிண்ணம், இவை அனைத்தும் சேர்ந்து ஐந்து கிலோவுக்குக் குறையாத எடை.

விலையின் பெரும்பகுதி எங்கே போகிறது என்பதைப் புரிந்துகொள்ள, கருவி ஒலிக்கும் விதத்தைப் பார்க்க வேண்டும். கிட்டாரில் தந்தியின் அதிர்வு ஒரு மரப்பலகையை அசைக்கிறது. பலகை கனமானது என்பதால் ஆற்றலை நிதானமாக வெளியிடுகிறது, சுரம் நீண்டு நிற்கிறது. பாஞ்சோவில் தந்திகளைத் தாங்கும் மரத் துண்டான குதிரை நிற்பது விறைப்பாக இழுத்துக் கட்டிய மெல்லிய சவ்வின்மேல். அந்தச் சவ்வு தந்தியின் ஆற்றலை ஒரே வாயில் வாங்கிக் காற்றில் கொட்டிவிடுகிறது. ஆகவே சுரம் உரக்கப் பிறந்து விரைவில் மடிகிறது. இந்தக் கொஞ்ச நேர ஆயுளில் அந்தச் சுரம் தடித்து, தெளிந்து, தனித்துக் கேட்க வேண்டுமானால், சவ்வின் விளிம்பு எதன்மேல் அமர்ந்திருக்கிறதோ அது அசையக் கூடாது. அது அசைந்தால் ஆற்றல் அங்கே கசிந்து வீணாகிறது. இதற்காகத்தான் மரத்தாலான வட்டச் சட்டத்தின், அதாவது ரிம்மின், தலையில் டோன் ரிங் எனப்படும் கனத்த உலோக வளையம் ஒன்றை அணிவிக்கிறார்கள். நல்ல பாஞ்சோக்களில் அது ஏறத்தாழ மூன்று பவுண்டு எடையுள்ள வெண்கல வார்ப்பு. இன்றைய வார்ப்புகள் பலவற்றில் செம்பும் வெள்ளீயமும் கோயில் மணிக்கான விகிதத்தை ஒட்டியே, ஏறத்தாழ எண்பதுக்கு இருபதாக, இருக்கின்றன.

வளையம் மட்டும் நல்லதாக இருந்தால் போதாது. அது மரத்தின்மேல் எப்படி உட்காருகிறது என்பதில்தான் கைவினைஞரின் கூலி அடங்கியிருக்கிறது. ரிம் பொதுவாக மூன்று தடித்த மேப்பிள் பட்டைகளை நீராவியில் வளைத்து ஒட்டிச் செய்யப்படுவது. சிலர் மரத் துண்டுகளைச் செங்கல் அடுக்குவதுபோல் ஒட்டிக் கடைகிறார்கள். எப்படிச் செய்தாலும், கடைசலில் அதன் மேல்விளிம்பைச் செதுக்கும்போது மயிரிழை கூடினாலும் குறைந்தாலும் ஒலி மாறும். சுத்தியலால் தட்டித்தான் ஏறும் என்ற அளவுக்கு வளையம் இறுக்கமாக இருந்தால் ஒலி நெரிக்கப்பட்டுப் போகிறது; கையால் அசைக்கும் அளவுக்குத் தளர்ந்திருந்தால் சுரங்கள் உதிரியாகக் கேட்கின்றன, சில இடங்களில் சலசலப்பும் சேர்கிறது. இயல்பான காற்றீரத்தில் இரு கைகளால் பிடித்துத் தூக்கினால் கழன்று வர வேண்டும், கவிழ்த்தால் தானாக விழக் கூடாது. இதுவே நான் நம்பும் அளவு. மரம் மழைக்காலத்தில் பருத்துக் கோடையில் சுருங்கும் என்பதால், நல்ல கைவினைஞர் தம் ரிம்களை மாதக்கணக்கில் காயவிட்டு, ஈரப்பதம் கட்டுப்படுத்திய அறையில் வைத்துத்தான் இந்த இறுதிக் கடைசலைச் செய்கிறார். தொழிற்சாலையில் நூற்றுக்கணக்கில் செய்பவர்கள் எல்லா ரிம்முக்கும் பொருந்தும் ஒரு சராசரியில் நிறுத்திவிடுகிறார்கள். உங்களிடம் இப்போதுள்ள விலை குறைந்த கருவியில் இந்தக் கனத்த வளையமே இல்லாமலிருக்கலாம், அல்லது மெல்லிய ஒரு கம்பி வளையம் மட்டும் இருக்கலாம்.

இந்த அமைப்பு முழுவதும் புளூகிராஸுக்காக உருவானதில்லை என்பது எனக்கு எப்போதும் வியப்பளிக்கும் செய்தி. மிச்சிகன் மாநிலத்தின் காலமசூ நகரில் இயங்கிய கிப்சன் நிறுவனம் 1925-இல் மாஸ்டர்டோன் என்ற பெயரில் உயர்தர பாஞ்சோக்களைக் கொண்டு வந்தபோது அதன் கண் நடனக் கூடங்களின் இசைக்குழுக்கள்மேல்தான் இருந்தது. ஒலிபெருக்கி இல்லாத கூடத்தில் ஊதுகருவிகளுக்கு ஈடுகொடுக்கும் உரத்த ஒலி வேண்டும், அவ்வளவே. சில ஆண்டுகள் வளையத்தின் வடிவத்தை மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, 1930-களின் தொடக்கத்தில் ஃபிளாட்ஹெட் என்ற வடிவத்துக்கு வந்தார்கள். அதற்கு முந்தைய ஆர்ச்டாப் வடிவத்தில் சவ்வு உள்ளே ஒரு மேட்டின்மேல் ஏறியிறங்கும், ஆகவே அதிரும் பரப்பு குறைவு, ஒலி கூரானது. புளூகிராஸ் வாசிப்பாளர் ரால்ஃப் ஸ்டான்லியின் ஊசிபோன்ற ஒலி அத்தகையது. ஃபிளாட்ஹெட்டில் சவ்வு தட்டையாக முழு அகலத்துக்கும் அதிர்வதால் அடித்தந்தியில் கனம் கூடுகிறது. ஆனால் அது வந்த நேரம் பொருளாதாரப் பெருமந்தம். பாஞ்சோவின் மவுசும் கிட்டாரிடம் போய்க்கொண்டிருந்தது. வாங்கியவர்களும் பெரும்பாலும் நான்கு தந்தி டெனரையே கேட்டார்கள். ஆலையை விட்டு வெளிவரும்போதே ஐந்து தந்தியும் ஃபிளாட்ஹெட் வளையமும் சேர்ந்திருந்த கருவிகள் மிகச் சொற்பம்.

பிறகு 1945 டிசம்பரில், வட கரோலினாவின் ஃபிளின்ட் ஹில் பகுதியில் பிறந்த 21 வயது இளைஞர் ஏர்ல் ஸ்க்ரக்ஸ், பில் மன்றோவின் புளூ கிராஸ் பாய்ஸ் குழுவில் சேர்ந்தார். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றையும் உருட்டி உருட்டி வாசிக்கும் முறை அவர் ஊர்ப் பக்கத்தில் ஏற்கெனவே இருந்ததுதான். ஸ்நஃபி ஜென்கின்ஸ் போன்றோர் வானொலியில் அப்படி வாசித்தார்கள். ஸ்க்ரக்ஸ் அதற்குக் கொடுத்த வேகமும் ஒழுங்கும் மெட்டைத் தனித்துக் காட்டும் அழுத்தமும்தான் நாட்டையே திரும்பிப் பார்க்க வைத்தன. பின்னாளில் அவர் கையோடு ஒட்டிப்போன கருவி, ஜென்கின்ஸிடமிருந்து டான் ரெனோ என்ற இன்னொரு பாஞ்சோ வாசிப்பாளருக்குப் போய், ரெனோவிடம் கருவி மாற்றிக்கொண்டதில் அவரை வந்தடைந்த 1930-களின் கிப்சன் கிரனாடா. அன்று தொட்டு இன்றுவரை புளூகிராஸ் பாஞ்சோ செய்யும் ஒவ்வொருவரும் ஏதோ ஒரு வகையில் அந்தக் கருவியின் ஒலியைத்தான் துரத்திக்கொண்டிருக்கிறார்கள். உங்களுக்கு ஐயாயிரம் டாலர் சொல்லும் கைவினைஞரும் அநேகமாக அப்படித்தான்.

போருக்கு முந்தைய அசல் ஐந்து தந்தி ஃபிளாட்ஹெட் இன்று இலட்சம் டாலரைத் தாண்டி விலைபோகும் பொருள். நம்மைப் போன்றோர் அதைக் காட்சியில் பார்ப்பதோடு சரி. அந்தக் கால டெனர்களின் வட்ட உடலை எடுத்துப் புதிய ஐந்து தந்தி நெக், அதாவது கழுத்து, பூட்டியவை நிறையக் கிடைக்கின்றன, அவை கேவலமானவை அல்ல, ஆனால் அசலென்று சொல்லி விற்கப்பட்டால் அது மோசடி. ஆர்ச்டாப் ரிம்மைக் கடைந்து ஃபிளாட்ஹெட்டாக மாற்றியவையும் உண்டு. கிப்சன் நிறுவனத்தின் பிற்காலப் பாஞ்சோக்களும் இப்போது பழைய கருவிகளாகத்தான் கைமாறுகின்றன. 2010 மே மாதத்தில் நாஷ்வில்லில் கம்பர்லாந்து ஆறு கரைபுரண்டு கிப்சனின் பாஞ்சோ பட்டறைக்குள் புகுந்தபின் உற்பத்தி பழைய நிலைக்குத் திரும்பவில்லை.

அந்த இடத்தை நிரப்பியவர்கள் சிறு பட்டறைக்காரர்கள். சிலர் பழைய கருவியை அளந்து அளந்து அப்படியே மீண்டும் செய்ய முயல்கிறார்கள். டென்னசியின் ஸ்டீவ் ஹூபர் அந்த வழியில் போனவர். சிலர் பழைய அமைப்பையே கேள்வி கேட்டார்கள்: 1970-களில் தொடங்கிய ஜெஃப் ஸ்டெல்லிங், வளையமும், ரிம்மைச் சுற்றிக் கொக்கிகளைப் பிடித்திருக்கும் உலோக விளிம்பான ஃபிளாஞ்சும் மரத்தின்மேல் ஆப்புப்போலச் சரிந்து பொருந்தும் ஒரு முறையை வகுத்தார், மின்னசோட்டாவின் டாம் நெக்வில் 24 கொக்கிகளையும் தூக்கிப் போட்டுவிட்டு, புட்டியின் மூடி திருகுவதுபோல ஒரே பெரிய மறையில் சவ்வை இறுக்கும் வழியைக் கண்டார். கலிபோர்னியாவில் 1975-இல் தொடங்கிய டீரிங், தொடக்கநிலைக் கருவி முதல் மிக உயர்ந்தது வரை செய்யும் பெரிய பட்டறை. அமெரிக்காவுக்கு வெளியே பார்த்தால் செக் நாட்டின் கதை தனி. 1964-இல் அமெரிக்க நாட்டுப்புறப் பாடகர் பீட் சீகர் பிராகாவில் வாசித்ததைக் கேட்ட மார்கோ செர்மாக் என்ற இளைஞர், கடையில் வாங்க வழியில்லாத அந்நாளில், நிழற்படங்களைப் பார்த்தே ஒரு ஐந்து தந்தி பாஞ்சோவைச் செய்துகொண்டார். அங்கிருந்து வளர்ந்த மரபில் வந்த யாரோஸ்லாவ் ப்ரூஹாவின் கருவிகளை இன்று அமெரிக்க வாசிப்பாளர்களே விரும்பி வாங்குகிறார்கள். கைவினைப் பாஞ்சோ என்றதும் நாஷ்வில் முகவரியைத் தேட வேண்டியதில்லை என்பதற்காக இதைச் சொன்னேன்.

நெக்கைப் பற்றிச் சில சொற்கள். மேப்பிள் நெக் என்றால் ஒலி பளிச்சென்றும், மஹோகனி என்றால் சற்றே இதமாகவும், வால்நட் இரண்டுக்கும் நடுவிலும் இருக்கும் என்பார்கள். இது ஓரளவு உண்மை, ஆனால் நெக்கின் அடிப்பாகம் ரிம்மோடு இடைவெளியின்றிப் பொருந்துவதற்கு முன்னால் இந்த வேறுபாடு பெரிதன்று. அந்த இணைப்பில் ஒரு தாள் நுழையும் இடைவெளி இருந்தால் மரம் எதுவாயினும் பயனில்லை. முத்துச் சிப்பிப் பதிப்பு, பொன் முலாம், செதுக்கு வேலை எல்லாம் கண்ணுக்கு விருந்து, காதுக்கு ஒன்றுமில்லை. பணம் குறைக்க வேண்டுமானால் முதலில் அங்கே குறையுங்கள். விரல் பலகை கருங்காலியாகவோ ரோஸ்வுட்டாகவோ இருக்கும். ரோஸ்வுட் என்று விற்கப்படுவதில் கணிசமான பங்கு நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் விளையும் ஈட்டி மரம். 2017 முதல் அதன் பேரினம் முழுவதும் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டின்கீழ் வந்ததால் கருவி செய்பவர்கள் திண்டாடினார்கள், 2019 இறுதியில் செய்து முடித்த இசைக் கருவிகளுக்கு விலக்கு அளிக்கப்பட்டது.

இனிக் கடையில் எப்படிச் சோதிப்பது. நீங்களே வாசித்துக் கேட்பது போதாது, ஏனென்றால் ரெசனேட்டர் ஒலியை முன்னோக்கி எறிகிறது. வாசிப்பவர் காதில் விழுவது அதன் ஓரம் மட்டுமே. வேறொருவரை வாசிக்கச் சொல்லிப் பத்தடி தள்ளி நில்லுங்கள். பிறகு நீங்கள் வாசிக்கும்போது, எல்லோரும் பார்க்கும் முதல் ஐந்து ஃப்ரெட்டுகளை, அதாவது விரல் பலகையின் குறுக்குக் கட்டைகளை, விட்டுவிட்டு, மூன்றாம் தந்தியை ஐந்தாவது முதல் பத்தாவது ஃப்ரெட் வரையிலும், முதல் தந்தியைப் பன்னிரண்டுக்கு மேலும் வாசித்துப் பாருங்கள். சாதாரணக் கருவிகள் இந்த இடங்களில்தான் மூச்சடைத்துப்போகின்றன. அங்கே ஒவ்வொரு சுரமும் தனித்தனி முத்தாக விழுந்தால் ரிம்மும் வளையமும் நன்றாகப் பொருந்தியிருக்கின்றன என்று பொருள். நான்காம் தந்தியைத் திறந்து மீட்டினால் வயிற்றில் உணரும் ஒரு தடிப்பு வேண்டும், அது மற்றத் தந்திகளை மூழ்கடிக்கவும் கூடாது. மிக மெதுவாகவும் மிகப் பலமாகவும் வாசியுங்கள். மெதுவாக வாசிக்கும்போது மங்கிப்போகும் கருவியும், பலமாக வாசிக்கும்போது இரைச்சலாகிவிடும் கருவியும் அந்த விலைக்கு உரியவை அல்ல. இரண்டு கருவிகளை ஒப்பிடுவதானால் இரண்டிலும் புதுத் தந்தியும் சவ்வில் ஒரே இறுக்கமும் இருக்க வேண்டும். இல்லையேல் நீங்கள் ஒப்பிடுவது கருவிகளை அன்று, கடைக்காரரின் சோம்பலை.

சவ்வின் இறுக்கம் என்றேன். இங்கிருந்துதான் உங்கள் பொறுப்பு தொடங்குகிறது. 1950-களின் இறுதிவரை சவ்வு கன்றுத் தோல். மிருதங்கக்காரர்களுக்குத் தெரிந்த துன்பம் அவர்களுக்கும் இருந்தது, மழை வந்தால் ஒலி தொய்ந்துவிடும். பிறகு மைலார் என்ற செயற்கைப் படலம் வந்து அந்தக் கவலையைப் பெரிதும் தீர்த்தது, ஆனால் அதுவும் நாளடைவில் தளர்கிறது. கொக்கிகளின் நட்டுகளை ஒரு சுற்றில் எட்டில் ஒரு பங்குக்கு மேல் திருப்பாமல், வட்டமாகச் சுற்றி வந்து ஒரே சீராக இறுக்க வேண்டும். தந்திகளை அமுக்கி ஒலியடக்கிவிட்டுச் சவ்வை விரலால் தட்டினால் ஜி அல்லது ஜி ஷார்ப் சுருதி கேட்கும்வரை கொண்டுபோவது பலரின் வழக்கம். முரசுக்காரர்கள் பயன்படுத்தும் டிரம் டயல் என்ற அளவுமானி வைத்திருந்தால் 90 என்ற எண்ணைச் சுற்றி நிறுத்தலாம். அதற்குக் கீழே ஒலி பழுத்து மென்மையாகிறது, மேலே உலர்ந்து கூர்மையாகிறது. எது வேண்டும் என்பது உங்கள் காதின் முடிவு.

குதிரை இரண்டு கிராம் அளவே எடையுள்ள ஒரு சிறு துண்டு, மேப்பிளின் தலையில் கருங்காலி ஒட்டியது, மூன்று கால்களில் நிற்பது, ஒட்டப்படாதது. ஐந்து கிலோ கருவியின் குரலை இந்த இரண்டு கிராம் மாற்றிவிடும் என்பதை முதன்முறை கேட்கும்போது யாரும் நம்புவதில்லை. அது சற்று நகர்ந்தாலும் சுருதி பிசகும். பன்னிரண்டாவது ஃப்ரெட்டின் மேல் தந்தியைத் தொட்டு எழுப்பும் மணியொலியும், அதே ஃப்ரெட்டில் அழுத்தி எழுப்பும் சுரமும் ஒன்றாகும் இடத்தில் அதை நிறுத்தி, இருபுறமும் பென்சிலால் மெல்லிய கோடு போட்டு வையுங்கள். தந்திகளின் அடிமுனையைப் பிடித்திருக்கும் டெயில்பீஸைத் தாழ்த்தினால் குதிரைமேல் அழுத்தம் கூடி ஒலி கூராகும், உயர்த்தினால் தளரும்.

எதைத் தொடக் கூடாது என்பதையும் சொல்கிறேன், பட்டவன் என்ற முறையில். உடலுக்குள் நெக்கைப் பிடித்திருக்கும் இரண்டு உலோகத் தண்டுகள் உண்டு. கீழ்த் தண்டின் நட்டுகளைத் திருப்பினால் தந்திகளின் உயரத்தைக் கொஞ்சம் மாற்ற முடியும் என்று கேள்விப்பட்டு, என் முதல் நல்ல கருவியில் உற்சாகமாகத் திருப்பினேன். தந்தி இறங்கியது உண்மை. ஆனால் ரிம் வட்டமாக இல்லாமல் நீள்வட்டமாக நெளிந்து, வளையம் ஒரு பக்கம் இறுகி மறுபக்கம் தளர்ந்துவிட்டது. ஓராண்டுக் காலம் தந்திகளையும் சவ்வையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன், குற்றவாளி என் கைதான் என்பதை ஒரு பழைய வாசிப்பாளர் வளையத்தைக் கழற்றிக் காட்டியபோதுதான் உணர்ந்தேன். தந்தியின் உயரம் உறுத்தினால் வேறு உயரமுள்ள குதிரை போடுங்கள்; ஒரு அங்குலத்தின் எட்டில் ஐந்து பங்கும், பதினாறில் பதினொரு பங்கும் வழக்கமான அளவுகள். அதற்கும் மேல் வேண்டுமென்றால் கருவி செய்தவரிடமே கொண்டுபோங்கள்.

வாசிப்பு மேம்படுமா என்ற கேள்விக்கு வருகிறேன். முதல் மாதத்தில் மோசமாகும். மேடையில் வேகமான பாட்டொன்று நிமிடத்துக்கு 140 தாளத்தில் ஓடும்போது, ஒரு தாளத்துக்கு நான்கு சுரம் வீதம் வினாடிக்கு ஒன்பதுக்கு மேற்பட்ட சுரங்கள் உங்கள் மூன்று விரல்களிலிருந்து வருகின்றன. சாதாரணக் கருவி இவற்றை ஒன்றோடொன்று குழைத்துவிடுவதால், நடுவிரல் கட்டைவிரலைவிட மெலிவாக அடிப்பதும், உருட்டல் திரும்பும் இடத்தில் ஒரு கணம் தடுமாறுவதும் மறைந்துபோகின்றன. நல்ல கருவி எதையும் மறைப்பதில்லை. மூன்றாண்டு உழைப்பில் சீராகிவிட்டதாக நினைத்திருந்த உருட்டல் நொண்டுவதை அது உங்கள் காதுக்கு நேரே சொல்லும். இதைத் தாங்கிக்கொண்டு, மெட்ரோனோம் எனப்படும் தாளம் காட்டும் கருவியைப் பாதி வேகத்தில் வைத்து வலக்கையை மட்டும் திருத்தத் தொடங்கினால், ஆறு மாதத்தில் கிடைக்கும் பலன் பெரிது. இன்னொரு பலனும் உண்டு: பலம் போட்டு வாசிக்கும் கெட்ட பழக்கம் விடுபடும். பிக் எனப்படும், விரல்நுனியில் மாட்டி மீட்டும் உலோகத் துண்டுகள் அணிந்த இரண்டு விரல்களும் பிளாஸ்டிக் பிக் அணிந்த கட்டைவிரலும் தந்தியைத் தொட்டவுடன் கருவி பதில் சொல்வதால், மோதிர விரலையும் சுண்டு விரலையும் சவ்வில் ஊன்றிய கை இளகுகிறது. குதிரையை ஒட்டி வாசித்தால் கூரொலியும், நெக்கை நோக்கி இரண்டு அங்குலம் நகர்ந்தால் கனிவும் கிடைக்கும். இந்த வேறுபாடு எளிய கருவியில் பெயரளவுக்குத்தான் கேட்கும்.

ஐந்தாவது தந்தியைப் பற்றி ஒரு சிறு விலகல். அது நெக்கின் பாதியில், ஐந்தாவது ஃப்ரெட்டருகே தொடங்கும் குட்டைத் தந்தி. மேல் ஜி-யில் நின்று, தம்புராவைப்போல் பாட்டு முழுவதும் ஒரே சுருதியைத் தூவிக்கொண்டிருப்பது. இதை 19-ஆம் நூற்றாண்டில் வெர்ஜீனியாவின் ஜோயல் ஸ்வீனி கண்டுபிடித்தார் என்று வெகுகாலம் எழுதி வந்தார்கள். உண்மையில் மேற்கு ஆப்பிரிக்காவின் அகோண்டிங் போன்ற சுரைக்குடுக்கைக் கருவிகளிலேயே கட்டைவிரல் மீட்டும் குட்டைத் தந்தி உண்டு, அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட மக்கள் அதைக் கரீபியனிலும் அமெரிக்காவிலும் மீண்டும் செய்துகொண்டார்கள். வாங்கும்போது இந்தத் தந்திக்கு நீங்கள் ஒரு வேலை சொல்ல வேண்டியிருக்கும். பாடகர் ஏ-யிலோ பி-யிலோ பாடும்போது மற்ற நான்கு தந்திகளுக்கும் கேப்போ, அதாவது தந்திகளை நெக்கோடு அழுத்திச் சுருதியை உயர்த்தும் கவ்வி, போட்டுவிடலாம். ஐந்தாவதை எப்படி உயர்த்துவது? பொம்மை ரயில்பாதை அமைப்பவர்கள் பயன்படுத்தும் மிகச் சிறிய தண்டவாள ஆணிகளை ஏழாவது, ஒன்பதாவது ஃப்ரெட்டுகளின் அருகே விரல் பலகையில் அறைந்து, தந்தியை அவற்றின் அடியில் செருகிவிடுவார்கள். ஐயாயிரம் டாலர் கருவியில் பொம்மை ரயிலின் ஆணியா என்று தயங்க வேண்டாம், மிகப் பெரிய வாசிப்பாளர்களின் கருவிகளிலும் அவை உண்டு. கைவினைஞரையே அறைந்து தரச் சொல்லுங்கள்.

வீட்டில் வைத்திருப்பதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. காற்றின் ஈரப்பதம் 45-க்கும் 55 விழுக்காட்டுக்கும் இடையில் இருந்தால் நல்லது, பெட்டிக்குள் ஓர் அளவுமானி வையுங்கள். வியர்வை முலாமை அரிக்கும், ஆகவே வாசித்து முடித்ததும் கொக்கிகளையும் முன்கை படும் தகட்டையும் துணியால் துடையுங்கள். அகலமான தோல் பட்டை வாங்குங்கள். ஒரு மணி நேரம் நின்று வாசித்தால் தோள் நன்றி சொல்லும். வீட்டாரின் பொறுமைக்கு, சவ்வுக்கும் உள்தண்டுக்கும் நடுவே ஒரு சிறு துண்டை மடித்துச் செருகினால் ஒலி பாதியாகும். அண்டை வீட்டாருக்கு அதுவும் போதாது என்பது என் அனுபவம்.

இப்போது உங்கள் ஐயாயிரம் டாலருக்கு வருவோம். அதை எடுப்பதற்கு முன் கையிலுள்ள கருவிக்கு ஒரு புதுச் சவ்வும் ஒரு நல்ல குதிரையும் போட்டு, மேலே சொன்னபடி சரிசெய்து மூன்று மாதம் வாசியுங்கள். அதில் உங்களுக்குப் போதுமான ஒலி கிடைத்துவிட்டால் பணம் மிச்சம். கிடைக்காமல், மூன்றாம் தந்தி நடுவே மூச்சடைப்பதும் நான்காம் தந்தி ஒல்லியாக நிற்பதும் உங்கள் காதுக்கே தெரிந்து எரிச்சலூட்டினால், நீங்கள் கேட்கக் கற்றுக்கொண்டுவிட்டீர்கள், வாங்குங்கள். புதியதைவிட, ஐந்தாறு ஆண்டு வயதான கைவினைக் கருவி ஒன்றைப் பழைய பொருளுக்கான விலையில் தேடுவதே என் தேர்வாக இருக்கும், ஏனென்றால் ஆசையாக வாங்கிப் பெட்டியிலேயே பூட்டி வைத்தவர்கள் நிறைய, விலை மூன்றில் ஒரு பங்காவது இறங்கியிருக்கும், மரமும் ஓரளவு அடங்கியிருக்கும். விற்பவரிடம் ரெசனேட்டரைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். பெரும்பாலும் நான்கு கைத்திருகாணிகள்தான், ஒரு நிமிட வேலை. உள்ளே ரிம்மில் விரிசல் உண்டா, ஃபிளாஞ்ச் எங்காவது மேல்நோக்கி வளைந்திருக்கிறதா, நெக் சேருமிடத்தில் வெளிச்சம் தெரிகிறதா என்று கைவிளக்கு அடித்துப் பாருங்கள். கழற்ற மறுப்பவரிடம் வாங்காதீர்கள். போகும்போது உங்கள் சொந்தப் பிக்குகளையும், வாசிக்கத் தெரிந்த ஒரு நண்பரையும் அழைத்துப்போங்கள். பத்தடி தள்ளி நின்று கேட்க உங்களுக்கு அவர் வேண்டும்.